இறையும் முறையும்: இலத்தீனுக்குச் சென்ற தமிழ்ச் சொற்கள்



சில ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்மொழி மாதத்தையொட்டி நடைபெறும் திருக்குறள் போட்டிக்காகத் தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு மாணவர் சிலரைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தேன். செங்கோன்மை அதிகாரத்திலிருந்து சில குறட்பாக்களைக் கொடுத்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதி வரும்படி சொல்லியிருந்தேன். 'முறை' என்னும் சொல்லுக்கு ஏறக்குறைய எல்லாரும் உரைநூலைப் பார்த்து 'நீதி' என்று எழுதியிருந்தனர். ஒரு மாணவி மட்டும் 'வரிசையில் நம் தடவை' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அதனை அடித்துவிட்டேன்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஆசிரியரே, 'உன் முறை வரும்வரை பொறு' என்று நீங்கள் சொல்வீர்களே, அந்தச் சொல்தானே இது?" என்று கேட்டாள். "அது வேறு, இது வேறு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைய அவசரத்தில் எனக்கு அது சரியான விடையாகவே தோன்றியது.

அது தவறான விடை என்று எனக்கு உணர்த்தியவர் ஓர் இத்தாலியப் பாதிரியார். அவர் மறைந்து இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியில் பெயர்த்த வீரமாமுனிவரைத்தான் குறிப்பிடுகிறேன். கடவுளைப் பற்றியும் நீதியைப் பற்றியும் வள்ளுவர் கூறியவற்றை இலத்தீனில் சொல்ல முயலும் ஒருவர் எங்கெங்கே திகைத்து நிற்க நேரும் என்று எண்ணிப் பார்த்தபோது, நம் சொற்களைப் பற்றி நானே அறியாதிருந்த சிலவற்றை அறிந்துகொண்டேன். அவற்றைப் பகிர்ந்துகொள்ளவே இப்பதிவு.

நமக்கும் இலத்தீனுக்கும் என்ன தொடர்பு?

இலத்தீன் எங்கோ இருக்கும் மொழி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகளில் சிலர் அதனை நாள்தோறும் சட்டைப்பையில் அணிந்து செல்கின்றனர். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் குறிக்கோளுரை இலத்தீன். செயின்ட் ஜோசப் கல்வி நிலையத்தின் 'ஓரா எத் லபோரா' என்பதும் இலத்தீனே. 'இறைவனை வேண்டு, உழை' என்பது அதன் பொருள்.

தேக்காவிலிருந்து சிறிது நடந்தால் ஓபீர் சாலையில் லூர்து மாதா தேவாலயத்தைக் காணலாம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் எழுப்பப்பட்ட ஆலயம் அது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிகளுக்கு வழி திறந்துவிடும் வரையில், உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆலயங்களைப் போலவே அங்கும் பூசை இலத்தீனில்தான். நம் தாத்தா பாட்டிமார் சிலருக்கு அந்த ஒலி இன்னும் நினைவிருக்கும்.

நகரின் நடுவே, 1939இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய உச்ச நீதிமன்றக் கட்டடம் உள்ளது. 2015 முதல் அது தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. அதன் முகப்பின் உச்சியில் நீதியை ஒரு பெண்ணாக உருவகித்த சிற்பம் நடுநாயகமாக அமைந்திருக்கிறது. அதனைச் செதுக்கியவர் ரொடோல்ஃபோ நோலி என்னும் இத்தாலியர். நீதியைப் பெண்ணாக உருவகித்து 'யுஸ்திசியா' என்று பெயரிட்டு வணங்கியவர்கள் உரோமானியர். ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் சொல்லும் 'ஜஸ்டிஸ்' அந்தச் சொல்லின் வழிவந்ததே. ஆகவே ஒரு தமிழ்க் குழந்தை 'முறை' என்பதை 'ஜஸ்டிஸ்' என்று பெயர்க்கும்போது, தான் அறியாமலேயே தமிழிலிருந்து இலத்தீனின் வாசல் வரை சென்று திரும்புகிறது.

'வேணும்' என்பதும் 'விசுவாசம்' என்பதும்

வீரமாமுனிவரின் பணியை மதிப்பிட வேண்டுமானால், அதற்கு முன் எதிர்த்திசையில், அதாவது இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த முயற்சிகளை ஓரளவு அறிந்திருக்க வேண்டும்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கேய மொழி அறிந்த உள்ளூர்க்காரர்களின் துணையுடன் மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1544இல் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாச அறிக்கையில் 'நம்புகிறேன்' என வர வேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. அதனை நீக்கி 'விசுவாசம்' என்பது வரும்படி மாற்றுமாறு பணிக்கிறார். இறைவனை நம்புகிறேன் என்று சொல்வதாக எண்ணிக்கொண்டு, இறைவன் வேண்டும் என்று மக்கள் சொல்லி வந்திருக்கின்றனர்! இந்தப் பிழையை நினைத்து நான் சிரித்ததுண்டு. பிறகு, 'வேணும்' என்று சொன்ன அந்தக் கடற்கரை மக்கள் அவ்வளவு பெரிய தவறு ஒன்றும் செய்துவிடவில்லையே என்றும் தோன்றியது.

பூசையைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'மிஸ்ஸா'. தமிழ்க் காதுக்கு அது மீசையைப் போல ஒலிப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒலியை மட்டும் கொண்டுவந்தால் பொருள் வராது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா? பின்னாளில் தமிழ் மண்ணில் ஏற்கெனவே வழங்கிய 'பூசை' என்னும் சொல்லே நிலைபெற்றது.

எல்லாவற்றினும் கடினமாக இருந்தது கடவுளைக் குறிக்கும் சொல். 'தேயுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குத் தமிழில் ஈடாக எதனை வைப்பது? 1578இல் கொல்லத்தில் என்றிக்கே என்றீக்கசு அச்சிட்ட 16 பக்க நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் நூல் அது. அதில் கடவுள் 'தம்பிரான்'. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, எல்லார்க்கும் தலைவன் எனப் பொருள்படும் 'சருவேசுரன்' என்ற சொல்லை ஆண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியுஸ் தம் விவிலியப் பெயர்ப்பில் 'பராபரன்' என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெயர்ப்பாளர்கள் 'தேவன்' என்றனர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'கடவுள்' இடம்பெற்றார்.

ஒரே கடவுளுக்கு நானூறு ஆண்டுகளில் ஐந்து பெயர்கள். ஒவ்வொரு முறையும் அச்சம் ஒன்றே: தேர்ந்தெடுக்கும் சொல் ஏற்கெனவே வேறொரு தெய்வத்தின் நினைவைச் சுமந்திருக்குமோ என்ற அச்சம். 'தேயுஸ்' என்பதும் அப்படித் தூய்மையாகப் பிறந்த சொல்லன்று. உரோமானியர் யூபித்தரையும் மார்சையும் அழைத்த சொல்லையே கிறித்தவர் எடுத்துக்கொண்டனர். புழங்கப் புழங்க அது புதுப்பொருள் பெற்றது. சொற்கள் குடிபெயர்ந்து வாழப் பழகியவை. அது சிங்கப்பூரில் வாழும் நமக்குத் தெரியாததா?

பெயரே மொழிபெயர்ப்பான மனிதர்

கொன்ஸ்தான்சோ பெஸ்கி 1680இல் இத்தாலியில் உள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். இயேசு சபைத் துறவியாகி 1710இல் கோவாவுக்கு வந்தார். அங்கிருந்து தமிழகம் சேர்ந்தார். அவருடைய பெயருக்கு 'உறுதியுடையவர்' என்பது பொருள். அதனைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வழங்கினார். பின்னர் அதுவே வீரமாமுனிவர் ஆயிற்று. சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் பயின்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் எழுதிய தேம்பாவணியையும் தொன்னூல் விளக்கத்தையும் சதுரகராதியையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையும் வைக்கப்பட்டது.

அவர் இலத்தீனில் எழுதியவற்றைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம், செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் என இரண்டினை இலத்தீனில் இயற்றினார். அக்காலத்தில் ஐரோப்பாவின் எந்த நாட்டுக் கற்றவரும் பொதுவாகப் படிக்கக்கூடிய மொழி இலத்தீன். புதிதாகக் கப்பலேறி வரும் துறவியர், இத்தாலியராயினும் போர்த்துக்கேயராயினும் செருமானியராயினும், அதன் வழியே தமிழ் கற்கலாம். இதில் ஒரு வியப்பு உண்டு. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் சபையினருடன் அவர் கடுமையான சமயப் போர் நடத்தியவர். அவர்களை மறுத்து நூல்களே எழுதியவர். எனினும் 1728இல் அவர் முடித்த பேச்சுத் தமிழ் இலக்கணத்தை அந்தத் தரங்கம்பாடி அச்சகமே 1738இல் அச்சிட்டது. கொள்கையில் எதிரிகளாக இருந்தவர்கள் தமிழ் கற்பதில் ஒருவர்க்கொருவர் ஆசிரியரானார்கள்.

1730ஆம் ஆண்டளவில் அவர் குறளின் முதல் இரண்டு பால்களை இலத்தீனாக்கினார். காமத்துப்பாலைத் தொடவில்லை. துறவியாகிய அவர் அதனை விட்டதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் முப்பாலில் ஒரு பால் இல்லாத வள்ளுவரையே அவருடைய இலத்தீன் காட்டியது. பெயர்ப்பவர் எதைச் சொன்னார் என்பதோடு எதை விட்டார் என்பதையும் கேட்க வேண்டும் என்று இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். பின்னர் ஜி. யு. போப் 1886இல் முப்பாலையும் ஆங்கிலமாக்கி வெளியிட்டபோது, பெஸ்கியின் இலத்தீன் பெயர்ப்பையும் தம் நூலில் சேர்த்துப் பதிப்பித்தார்.

எந்தக் கடவுள்?

இனிக் குறளுக்கு வருவோம். முதல் அதிகாரத்தின் பெயர் கடவுள் வாழ்த்து. ஆனால் 'கடவுள்' என்னும் சொல் அதிகாரத் தலைப்பில்தான் இருக்கிறது. 1330 குறட்பாக்களில் ஒன்றில்கூட அது இல்லை. முதல் பத்துப் பாக்களில் வள்ளுவர் ஆளும் பெயர்களைப் பாருங்கள்: ஆதிபகவன், வாலறிவன், இறைவன், தனக்குவமை இல்லாதான், அறவாழி அந்தணன், எண்குணத்தான். எந்த ஊர்க் கோயிலிலும் இன்னார் என்று சுட்டிக்காட்ட முடியாத பெயர்கள். சைவரும் வைணவரும் சமணரும் தத்தம் கடவுளை இவற்றில் கண்டனர். இலத்தீனில் பெயர்க்கத் துணிந்த இயேசு சபைத் துறவியும் அங்கே தமக்கு அயலான தெய்வத்தின் பெயரைக் காணவில்லை.

என் வகுப்பறையை நினைத்துக்கொள்கிறேன். வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் செல்லும் பிள்ளையும், டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்குச் செல்லும் பிள்ளையும், ஞாயிறுதோறும் தேவாலயத்திற்குச் செல்லும் பிள்ளையும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். 'இறைவன்' என்று நான் சொன்னால் மூவரும் தலையசைக்கின்றனர். அந்தச் சொல்லில் மூவருக்கும் இடம் இருக்கிறது.

அப்படிப்பட்ட 'இறை' என்பதன் விரிவையும் காண்போம். குறளில் இறைவன் என்றால் கடவுள். இறைவன் என்றால் அரசனும்கூட. இறை என்றால் அரசனுக்குச் செலுத்தும் வரியும் ஆகும். நாடு என்னும் அதிகாரத்தில் ஒரே குறளில் அரசனுக்கு 'இறைவன்' என்பதும் வரிக்கு 'இறை' என்பதும் அருகருகே வருகின்றன. இலத்தீனில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் வேண்டும்: கடவுளுக்குத் 'தேயுஸ்', அரசனுக்கு 'ரெக்ஸ்', வரிக்குத் 'திரிபூத்தும்'. பொருள் ஒவ்வொன்றாக வந்து சேரும். அவை மூன்றும் ஒரே சொல்லாய் இருந்த உறவு மட்டும் வழியிலேயே அறுந்துவிடும்.

இது வெறும் சொல் விளையாட்டன்று. இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும் செய்தி இந்த உறவை நம்பியே நிற்கிறது. முறை செய்து மக்களைக் காக்கும் அரசன் அவர்களுக்கு இறை என்று கருதப்படுவான் என்கிறார் அவர். அரசனாகப் பிறந்ததனால் ஒருவன் இறை ஆகிவிடுவதில்லை. முறை செய்தால்தான் இறை. 'இறை' என்னும் சொல்லில் கடவுளும் அரசனும் கலந்து நிற்பதனால்தான் இது வாழ்த்தாகவும் ஒலிக்கிறது, எச்சரிக்கையாகவும் ஒலிக்கிறது.

நீதிக்கு எத்தனை சொல்!

நீதி என்ற ஒன்றைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். அறம், முறை, நடுவுநிலைமை, செங்கோன்மை, நீதி, நியாயம், தருமம். இலத்தீனிலும் பல உண்டு. 'யூஸ்' என்றால் உரிமையும் சட்டமும். அதிலிருந்து பிறந்தது 'யுஸ்திசியா'. ஆங்கிலத்தில் நீதிபதியைக் குறிக்கும் 'ஜட்ஜ்', நடுவர் குழுவைக் குறிக்கும் 'ஜூரி' ஆகியவற்றுக்கும் அதுவே வேர். 'ஏக்வித்தாஸ்' என்றால் மேடு பள்ளம் இல்லாத சமநிலை. 'விர்த்தூஸ்' என்றால் நற்பண்பு. ஆண்மகனைக் குறிக்கும் 'விர்' என்னும் சொல்லிலிருந்து பிறந்து, முதலில் வீரத்தைக் குறித்துப் பின்னர் எல்லா நற்பண்புகளுக்கும் விரிந்தது.

நடுவுநிலைமைக்கு இலத்தீனில் எளிதாக இடம் கிடைக்கும். துலாக்கோலைப் போல ஒருபக்கம் சாயாமல் நிற்க வேண்டும் என்று வள்ளுவர் சொல்வதை, துலாக்கோல் ஏந்திய யுஸ்திசியாவை அறிந்த எந்த ஐரோப்பியரும் உடனே உணர்ந்துகொள்வார். இரு பண்பாடுகளும் ஒரே சந்தைப் பொருளைப் பார்த்து ஒரே எண்ணத்தை அடைந்திருக்கின்றன.

'அறம்' அப்படி எளிதில் அடங்காது. நற்பண்பு அறம், கடமை அறம், நீதி அறம், ஏழைக்கு இடுவதும் அறம். இங்கே நம் இந்து அறக்கட்டளை வாரியத்தின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. 'விர்த்தூஸ்' என்று பெயர்த்தால் ஈகை போய்விடும். 'யுஸ்திசியா' என்று பெயர்த்தால் நீதிமன்றம் மட்டும் நிற்கும்.

இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. இத்தகைய சிக்கல் இலத்தீனுக்குப் புதிதன்று. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எரோணிமுஸ் விவிலியத்தை எபிரெயத்திலிருந்து இலத்தீனாக்கியபோது, 'செதாக்கா' என்னும் சொல்லை எதிர்கொண்டார். நேர்மை, நீதி என்பன அதன் பொருள். பின்னாளில் ஏழைக்கு உதவுவதையும் யூதர்கள் அதே சொல்லால் குறித்தனர். இலத்தீனில் அது பல இடங்களில் 'யுஸ்திசியா' ஆயிற்று. ஏழைக்குக் கொடுப்பது கொடுப்பவரின் பெருந்தன்மை மட்டுமன்று, அதுவே நீதி என்னும் எண்ணம் எபிரெயச் சொல்லிலும் இருக்கிறது. நம் அறத்திலும் இருக்கிறது. தெருவில் கையேந்தி நிற்பவர் "தருமம் பண்ணுங்கள்" என்று கேட்கும்போது, அந்தப் பழைய எண்ணம்தான் அவர் வாயிலிருந்து வருகிறது.

கடவுளும் நீதியும் ஒரே தொடரில் சந்திக்கும் இடம் 'அறவாழி அந்தணன்'. ஆழி என்றால் கடல். ஆழி என்றால் சக்கரமும் ஆகும். அறக்கடலாகிய அந்தணன் என்று கொள்கிறார் பரிமேலழகர். தரும சக்கரத்தை உடைய அந்தணன் என்று உரைப்பாரும் உண்டு என அவரே குறித்து வைத்திருக்கிறார். தமிழில் படிப்பவர் இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இலத்தீனில் 'மாரே' என்று எழுதினால் கடல். 'ரோத்தா' என்று எழுதினால் சக்கரம். இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும். கடலை எழுதியவுடன் சமணரின் சக்கரம் மறைகிறது. சக்கரத்தை எழுதியவுடன், அதே குறளில் வரும் பிறவாழியாகிய கடலோடு அதற்குள்ள பொருத்தம் மறைகிறது. அந்தணன் என்பதைக் கோயில் குருக்களைக் குறிக்கும் சொல்லால் பெயர்த்தாலோ வேறொரு தவறு நேரும். ஏனெனில் அந்தணர் என்போர் அறவோர் என்று குறளே விளக்கம் தருகிறது.

மீண்டும் அந்த 'முறை'

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். முறை என்பதைச் சூழ்ந்துள்ள சொற்களைப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வருவது முறை. வரிசையில் நமக்குரிய தடவை முறை. மாமன், அத்தை என்னும் உறவும் முறை. ஒரு செயலைச் செய்யும் வழி செய்முறை. அநீதி நேர்ந்தால் செய்வது முறையீடு. பொதுப்பணத்தில் கைவைத்தால் அது முறைகேடு. இவை தற்செயலாக ஒரே ஒலியைப் பெற்ற தனித்தனிச் சொற்கள் அல்ல. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் ஒன்று உண்டு, அதனை யாரும் பறிக்கக்கூடாது என்னும் ஒரே எண்ணத்தின் கிளைகள் அவை.

இலத்தீனில் இதனைப் பெயர்க்க வேண்டுமானால் ஒழுங்குக்கு 'ஓர்தோ', தடவைக்கு 'விச்சேஸ்', நீதிக்கு 'யூஸ்' என மூன்றாகப் பிரித்தாக வேண்டும். இலத்தீனுக்கு அது குறையன்று. அதன் இயல்பு அது. பெயர்ப்பவர் பிரித்துப் பெயர்க்கட்டும். ஆனால் தமிழ்ச் சொல்லைத் தமிழ்க் குழந்தைக்குக் கற்பிக்கும் நானும் அதைப் பிரித்துக் கொடுத்தேனே! "அது வேறு, இது வேறு" என்றேனே! உணவங்காடியில் வரிசையில் நின்று, முந்திக்கொண்டு வருபவரைக் கண்டு முகம் சுளிக்கும் ஒரு சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு, முறை என்றால் நீதி என்பதை விளக்க வேறு எடுத்துக்காட்டே தேவையில்லை. அவள் அதனைத் தானாகவே கண்டுபிடித்து என் மேசைக்குக் கொண்டு வந்தாள். நான் சிவப்பு மையால் அடித்தேன்.

அவள் எழுதியது முழு விடையன்று. அதனை நான் மறுக்கவில்லை. அந்தக் குறளில் முறை என்பதற்கு நீதி என்றே பொருள் கொள்ள வேண்டும். ஆனால் அவள் எழுதியதுதான் அந்த நீதிக்குச் செல்லும் வழி. மற்றவர்கள் விடையை அறிந்திருந்தனர். அவள் சொல்லை அறிந்திருந்தாள்.

வீட்டிலும் வகுப்பிலும்

இதற்கு நாம் என்ன செய்யலாம்? செருமானியரான கார்ல் கிரவுல் ஒரு வழி காட்டியிருக்கிறார். 1849 முதல் 1853 வரை நம் பக்கம் பயணம் செய்த அவர், 1856இல் குறளைச் செருமானிய மொழியில் வெளியிட்டார். அவர் 1864இல் மறைந்தார். மறு ஆண்டு அவருடைய இலத்தீன் பெயர்ப்பு லைப்சிக் நகரில் அச்சாகி வந்தது. அந்நூலின் அமைப்பைக் கவனியுங்கள். முதலில் குறளின் செய்யுள் வடிவம். அடுத்து அதன் பொருள் எளிய தமிழில். அதன் பின்னரே இலத்தீன். செய்யுளிலிருந்து அயல்மொழிக்கு அவர் ஒரே தாவலில் தாவவில்லை. நடுவில் ஒரு படி வைத்தார். அந்தப் படியும் தமிழாகவே இருந்தது.

நாமோ பெரும்பாலும் அந்தப் படியைத் தாண்டிவிடுகிறோம். பிள்ளைக்குக் குறள் புரியவில்லையென்றால் உடனே ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறோம். நேரம் மிச்சமாகிறது, பிள்ளையும் தலையசைக்கிறது. ஆனால் அறம் என்பது வாழ்நாள் முழுவதும் ஓர் ஒற்றை ஆங்கிலச் சொல்லாகவே அதன் மனத்தில் தங்கிவிடுகிறது. அறக்கட்டளை, அறநெறி, அறப்போர் என்று பின்னாளில் சந்திக்கும்போது அவற்றுக்குள் உள்ள உறவு அதற்குத் தெரிவதில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர்க்கு இருக்கும் நெருக்கடி எனக்குத் தெரியும். வீட்டில் ஆங்கிலமே புழங்கும் குடும்பங்கள் பல. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஆங்கிலச் சொல்லைச் சொல்லும் முன், "இந்தச் சொல்லை வேறு எங்கே கேட்டிருக்கிறாய்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். கோயிலில், பள்ளிவாசலில், வானொலியில், பாட்டியின் பேச்சில், எங்கே கேட்டிருந்தாலும் சரி. கிடைக்கும் இரண்டு மூன்று விடைகளை வைத்துக்கொண்டு குறளின் பொருளை எளிய தமிழில் ஒரு வரியாகச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறட்டும், பேச்சுத் தமிழாகவே இருக்கட்டும். அதன் பிறகு ஆங்கிலத்திற்குச் செல்லுங்கள். அப்போது ஆங்கிலச் சொல்லில் எது வந்தது, எது வரவில்லை என்று பிள்ளையே சொல்லிவிடும். என் வகுப்பில் இப்போது அவ்வாறே செய்கிறேன். நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது.

நம் பிள்ளைகள் காலையில் எடுக்கும் தேசிய உறுதிமொழியின் தமிழ் வடிவத்தில் நீதி என்னும் சொல் இருக்கிறது. சமத்துவமும் நீதியும் அடிப்படையான சமுதாயம் என்று அவர்கள் நாள்தோறும் சொல்கின்றனர். அந்தச் சொல்லுக்கு முறை என்றும் அறம் என்றும் உறவினர் உண்டு என்று அறிந்த பிள்ளை, அந்த உறுதிமொழியைச் சற்று நிறுத்திச் சொல்லும் என்பது என் நம்பிக்கை.

அந்த மாணவி இப்போது உயர்நிலைப் பள்ளியும் முடித்திருப்பாள். சிராங்கூன் சாலையில் எப்போதாவது எதிர்ப்பட்டால் அவளிடம் சொல்ல வேண்டும்: "அந்தச் சொல்லும் இந்தச் சொல்லும் ஒன்றுதான் அம்மா. நீ கேட்டது சரி."